மேனுகாவும் ஒரு யானைவெடியும்

மேனுகாவுக்கு யானையென்றால் சரியான பயம். அதை வாய்விட்டுச் சொன்னதால்தான் அவளுக்கு இந்த வேலையே கிடைத்தது.

ஆறு வருசத்துக்கு முன் மயிலடி மலைத் தேசியப் பூங்காவுக்கு உள்ளூர் வழிகாட்டிகள் எடுக்கிறார்கள் என்று படுவான்கரை முழுக்கக் கதை பரவியது. நேர்முகத்துக்கு நாற்பத்திரண்டு பேர் போனார்கள். முக்கால்வாசியும் ஆம்பிளைகள். உள்ளே போனவர்களிடமெல்லாம் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: யானைக்குப் பயமா? "யானையோடதானே சேர் நாங்க வளந்த" என்று ஆளுக்காள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்கள். மேனுகாவின் முறை வந்தது.

"ஓம் சேர். சரியான பயம். பச்சைச் சாணத்தக் கண்டாலே எனக்குக் கால் கூசும்."

மேசைக்கு அந்தப் பக்கமிருந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் கடிதம் வந்தது.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் விறகு வெட்டிச் சீவித்த ஒருவரின் மூன்றாவது மகள் அவள். சண்டைக் காலத்தில் வள்ளத்தின் அடித்தட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடிவந்ததும், திரும்பிப் போனதும், திரும்பவும் ஓடிவந்ததும் அவளுடைய பள்ளிக்கூட நாட்கள். உயர்தரப் பரீட்சை எழுதினாள். கொழும்புப் பக்கம் ஒரு தையல் ஆலையில் இரண்டு வருசம் கொலர் தைத்தாள். பிறகு உதயரூபனைக் கட்டினாள். அவனுக்கு மலைக்கு இந்தப் பக்கம் வயல்வெளியாய்க் கிடந்த வட்டையில் மூன்று ஏக்கர். அமைதியான மனிதன், குடிப்பழக்கம் இல்லை, சத்தமாகப் பறைந்தது இல்லை. ஒரே மகள் கம்சாயினிக்கு இப்போது ஒன்பது வயது.

வழிகாட்டி வேலையில் மற்றவர்கள் படித்து மறந்ததையெல்லாம் பயம் அவளுக்கு ஞாபகப்படுத்தி வைத்திருந்தது. காட்டுக்குள் கால் வைக்குமுன் ஒரு பிடி புழுதியை அள்ளி விட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். ஆட்களை எண்ணுவாள். ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று காது கொடுப்பாள். ஆடி மாதத்து விடுமுறை வந்தால் சனிக்கிழமைகளில் குடும்பங்களை மலைக்குக் கூட்டிப்போகும் வேலை அவளுக்குத்தான். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். மரப்பட்டையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும். காலடித் தடம் பார்த்து எந்த மிருகம் என்று எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிசம் இருந்து, கேட்ட சத்தங்களை எண்ண வேண்டும். எல்லாம் செய்து முடித்தால் வாசலில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அந்த முத்திரைக்காகப் பிள்ளைகள் மலையையே தூக்கிக்கொண்டு வரும்.

அந்தச் சனிக்கிழமை பதினேழு பேர். தேற்றாத்தீவிலிருந்து ஒரு வேனில் இரண்டு ஆசிரியர் குடும்பங்கள், பத்துப் பேர். ஏறாவூரிலிருந்து ஜிப்ரி, அவனுடைய மனைவி றுமைஸா, இரண்டு பிள்ளைகள், ஜிப்ரியின் ராத்தா, மூத்த அக்கா, முப்லிஹா. முப்லிஹா பன்னிரண்டு வருசம் சவூதியில் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவள். உடம்பு கனம், முழங்கால் வருத்தம், வாய் மட்டும் ஓயாது. மிச்ச இரண்டு பேர் உதயரூபனும் கம்சாயினியும். அம்மா காட்டில் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்று பிள்ளை ஒரு மாதமாக அரித்ததில், அறுவடை முடிந்த கையோடு அவன் முதல்முறையாக வந்திருந்தான். வேலை நேரத்தில் அவர்கள் தன்னுடைய ஆட்கள் என்று மேனுகா ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாசலில் எல்லோருடைய பைகளையும் மேனுகா திறந்து பார்த்தாள். பொலித்தீன், லைட்டர், சிகரட், பட்டாசு எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு ஆசிரியரின் லைட்டரை வாங்கி, பேர் எழுதி வைத்தாள்.

"இந்தா பாருங்க தங்கச்சி" என்று முப்லிஹா தன் பையை அகல விரித்தாள். "வட்டிலப்பம், மருந்து, இன்னொரு வட்டிலப்பம். ஜித்தா எயார்போட்டிலயும் இப்பிடித்தான் பாத்தானுகள். அவனுகளுக்கு ஒரு துண்டும் குடுக்கல்ல. ஒங்களுக்குத் தருவன்."

உதயரூபனின் தோளில் தொங்கிய பையை அவள் திறக்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். விடிய எழும்பி அவளே கட்டிய சோற்றுப் பார்சல் மூன்று, தண்ணிப்போத்தல், ஒரு துவாய்.

பகல் இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து காய்ந்த வீச்சாக வீசிக்கொண்டிருந்தது. மலையின் பாதியில் இருக்கும் தட்டைப்பாறையில் எல்லோரும் இருந்து சாப்பிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே வாவி ஒரு வெள்ளிக் கம்பிபோலத் தெரியும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சத்தம் எண்ணினார்கள். ஜிப்ரியின் மகன் பதினொன்று என்றான். அதில் நாலு தன் மாமியின் மூச்சு என்றான். முப்லிஹா அவன் தலையில் குட்டினாள்.

உதயரூபன் சாப்பிட்ட பிறகும் பையைக் கீழே வைக்கவில்லை. மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்தான். மேனுகா அதைக் கண்டாள். பழக்கமில்லாத இடம், கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலரை மணிக்கு இறங்கினார்கள். மலையடியில் பாதை ஒரு சின்னக் குளத்தின் கரையோடு போய்த்தான் வாசலுக்குச் சேரும். குளத்துக்கு அந்தப் பக்கம் மின்சார வேலி. இந்தப் பக்கம் பாறை. பாறையின் கடைசிப் படிக்கு வந்தபோது மேனுகா வழக்கம்போல நின்று காது கொடுத்தாள். குருவிச் சத்தம் இல்லை.

கையை உயர்த்தினாள். பதினேழு பேரும் நின்றார்கள்.

குளத்தங்கரைப் பற்றைக்குப் பின்னாலிருந்து தனியன் வெளியே வந்தது. கூட்டத்தோடு சேராத பெரிய ஆண் யானை. காது ஓரமெல்லாம் கிழிந்து, முதுகில் காய்ந்த சேறு. சரியாகப் பாதையின் நடுவில் நின்றது. அவர்களுக்கும் அதற்கும் இடையில் ஐம்பது அறுபது அடிதான் இருக்கும்.

காற்று மேற்கிலிருந்து, அவர்களின் முதுகுப் பக்கமாக வந்துகொண்டிருந்தது. பதினேழு பேருடைய வேர்வையும், சோறும், முப்லிஹாவின் அத்தரும் நேரே அதன் மூக்குக்குத்தான் போகும். மேலே ஓடலாம் என்றால் படிகள் ஒடுக்கம். முப்லிஹாவுக்கு ஏற ஏலாது. ஓடினால் விழுவாள், விழுந்தால் சத்தம் போடுவாள். அதனால் அவள் செய்யக்கூடியது ஒன்றுதான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டுமுறை அசைத்தாள். இருங்க.

எல்லோரும் படிகளிலேயே குந்தினார்கள். பிள்ளைகள் தாய்மாரின் மடிக்குள் போனார்கள். கம்சாயினி றுமைஸாவின் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டாள். அவள் பிள்ளையை இழுத்துத் தன் முந்தானைக்குள் மூடினாள். யானை தும்பிக்கையை உயர்த்தி, நுனியை அவர்கள் பக்கம் வளைத்து, காற்றை வாங்கியது.

இது போகும், என்று மேனுகா தனக்குள் சொன்னாள். தண்ணிக்குத்தான் வந்தது. நாங்கள் சும்மா இருந்தால் குடித்துவிட்டுப் போகும்.

அப்போதுதான் இரண்டு படி மேலே புருசனைக் கண்டாள். அவனுடைய வலது கை பைக்குள் இருந்தது. வெளியே வந்தபோது துவாயில் சுற்றிய ஒன்றைப் பிடித்திருந்தது. துவாய் நழுவியது. மெழுகுதிரியைவிடத் தடித்த, பழுப்புக் கடதாசி சுற்றிய குழல். நுனியில் திரி.

யானைவெடி.

வட்டைக் காவலில் யானையை விரட்டவென்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வனவிலங்குக் காரியாலயத்தில் கொடுப்பது அது. வயலைத் தவிர வேறெங்கும் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனவனுக்குப் பிறகு கிடைக்காது. அதெல்லாம் அவளுக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. ஒன்றுதான் வந்தது. வட்டையில் வெடி போட்டால் யானைக்குப் பின்னால் காடு திறந்து கிடக்கும், அது காட்டுக்குள் ஓடும். இங்கே அதற்குப் பின்னால் குளம், குளத்துக்குப் பின்னால் மின்சாரம். வெடித்தால் அது வெருண்டு ஓட நேரே திறந்து கிடப்பது இந்தப் பாதைதான்.

குனிந்தபடியே இரண்டு படி ஏறி, அவன் பக்கத்தில் இருந்து, மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உள்ளுக்க வைங்க."

"தள்ளு மேனு." அவனுடைய குரல் காற்றாகத்தான் வந்தது. மற்றக் கையில் லைட்டர்.

"பின்னால கரண்ட் வேலி. ஓடுறதெண்டா யானையார் இஞ்சாலதான் ஓடுவார்."

"கிட்ட வரும் வரைக்கும் பாத்திட்டிருக்கச் சொல்றியா? புள்ள இரிக்கி."

"புள்ளைக்காகத்தான் சொல்றன்."

"அண்டைக்கும் இப்பிடித்தான் இருந்தம்."

அண்டைக்கு என்று அவன் சொன்னது எதை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருசத்துக்கு முன் மாசி மாதம், அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது, பக்கத்து வயல் நல்லரத்தினத்தாரை யானை அடித்தது. ஆடாமல் அசையாமல் நின்றால் போய்விடும் என்று அவர் நின்றார். உதயரூபன் முப்பது அடி தள்ளி வெடியும் கையுமாக நின்றான். தீப்பெட்டி பனியில் நனைந்துபோயிருந்தது. முதல் குச்சி முறிந்தது. இரண்டாவதைப் பற்றவைக்க அவனுடைய கை சொல்லுக் கேட்கவில்லை. மூன்றாவது பற்றி வெடி வெடித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. செத்த வீட்டில் ஒருவரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. அவன்தான் அதற்குப் பிறகு தீப்பெட்டியை விட்டு லைட்டருக்கு மாறினான். வீட்டை விட்டு எங்கே போனாலும் இரண்டு லைட்டர் கொண்டுபோவான். அவள் அதைக் கவனித்திருக்கிறாள். வாசலில் அதைக் கேட்டு வாங்கவும், இரண்டு லைட்டர் கொண்டுபோகிறவன் வேறென்ன கொண்டுபோவான் என்று யோசிக்கவும்தான் தவறிவிட்டாள்.

இப்போது அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்பது, இன்னொருமுறையும் பிந்திப்போ என்றுதான்.

யானை இரண்டு அடி முன்னால் வைத்தது. முன்காலால் புழுதியைக் கிண்டி, வயிற்றில் வீசியது. கீழ்ப்படியில் யாரோ ஒரு பிள்ளை விக்கியது. உடனே ஒரு கை வாயைப் பொத்தியது. மேனுகாவின் விரல்களுக்குக் கீழே உதயரூபனின் நாடி துள்ளிக்கொண்டிருந்தது. அவனுடைய சேட்டு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"என்னப் பாருங்க" என்றாள். "அத வேணாம். என்னப் பாருங்க."

அவன் பார்க்கவில்லை.

யானை காதை விரித்தது. விரித்ததும் அது இருமடங்கானது. தலையை உயர்த்தி, வாலை நிமிர்த்தி, பிளிறிக்கொண்டு வந்தது. அந்தச் சத்தம் பாறையில் பட்டு, எல்லோருடைய நெஞ்சுக்குள்ளும் போனது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தும்பிக்கையைச் சுருட்டாமல் காதை விரித்துக்கொண்டு வந்தால் அது வெருட்டு, அடிக்க வருவதில்லை. பெரும்பாலும். இந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை அன்றைக்கு அவள் கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

பக்கத்தில் கிளிக் என்று ஒரு சத்தம் கேட்டது. நெருப்பு எழும்பியது.

அவள் யோசிக்கவில்லை. இடது உள்ளங்கையை அந்த நெருப்பின் மேல் வைத்துப் பொத்தினாள். பொத்தி, லைட்டரோடு சேர்த்து அவனுடைய விரல்களை நசுக்கினாள். வேதனையில் கண்ணுக்குள் மஞ்சளாக ஏதோ பறந்தது. கத்தவேண்டும் போல இருந்தது. தன்னுடைய தோள் சீலையைக் கடித்தாள். யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புருசனின் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அது வரும் சத்தத்தைக் கேட்டபடி இருந்தாள். ஒரு காலடி. இன்னொன்று. இன்னொன்று.

பிறகு இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. "நிண்டிட்டு" என்று மேலேயிருந்து உதயரூபனின் குரல் காற்றாக வந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய விரல்கள் அவளுடைய கைக்குள் தளர்ந்தன. லைட்டர் படியில் விழாமல் அவள் பிடித்துக்கொண்டாள்.

தனியன் இருபது அடியில் நின்று, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, அவர்களைக் கொஞ்சநேரம் பார்த்தது. பிறகு ஏதோ மறந்துபோன வேலை ஞாபகம் வந்ததுபோலக் கிறுகித் திரும்பி, குளத்துக்குள் இறங்கியது. குடித்தது. மேலே தண்ணி அடித்துக்கொண்டது. அவசரமேயில்லாமல் குளக்கட்டோடு வடக்கே நடந்து பற்றைக்குள் போனது. அதெல்லாம் நடக்க இருபத்தைந்து நிமிசம் எடுத்தது. அதுவரைக்கும் ஒருவரும் படியைவிட்டு எழும்பவில்லை. மேனுகா கையை எடுக்கவுமில்லை.

அது போய்ப் பத்து நிமிசம் கழித்து, புழுதி விட்டுப் பார்த்து, ஆட்களை எண்ணினாள். பதினேழு. இன்னொருமுறை எண்ணினாள். ஒற்றை வரிசையில், பறையாமல், குளக்கரையைக் கடந்தார்கள். கம்சாயினி தகப்பனின் தோளில் இருந்தாள். பிள்ளைக்கு அழுகை வரவில்லை, விக்கல்தான் வந்துகொண்டிருந்தது.

வாசலின் மரத்தடுப்பைத் தாண்டியதும் முப்லிஹா தொப்பென்று வாங்குப் பலகையில் விழுந்தாள். அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்தாள். பிறகு மேனுகாவைக் கிட்டக் கூப்பிட்டுக் காதுக்குள் சொன்னாள்.

"தங்கச்சி, குறையா நினைக்காதங்க. மவுத்து முன்னால நிக்கிது, நான் கலிமாச் சொல்லிட்டிருக்கன், நீங்க அந்த மனிசன்ட கையப் பிடிச்சி நெஞ்சில சாஞ்சிட்டிருக்கீங்க. ஆரு தங்கச்சி அவரு?"

"என்ட மனிசன் ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்!" முப்லிஹா நெஞ்சில் கை வைத்தாள். "இவ்வளவு நேரமும் நான் யானைக்குப் பயந்ததவிட அதுக்குத்தான் பயந்த. வாங்க, வட்டிலப்பம் தின்னுங்க. ஐயோ, கையில என்ன இது?"

உள்ளங்கையின் நடுவில் ஒரு ரூபாய்க் குற்றியளவுக்குத் தோல் வெளுத்துப் பொங்கியிருந்தது. மேனுகா கையை மூடிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு முத்திரை குத்திக்கொடுத்து அனுப்பிய பிறகு அறிக்கை எழுத உள்ளே போனாள். வாசல் கடமையில் இருந்த சிவதர்ஷன் அவளைவிடப் பத்து வயது இளையவன். புருசனிடம் வாங்கி அவள் மேசையில் வைத்த யானைவெடியைப் பார்த்தான், கண்ணாடிக்கு வெளியே மோட்டார்சைக்கிளில் சாய்ந்து நின்ற உதயரூபனைப் பார்த்தான்.

"அக்கா, நான் இத அலுமாரிக்குள்ள போட்டுடுறன். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்லதானே. எழுதாம விடுவம்."

"பகல் அந்த வாத்தியார்ட லைட்டர வாங்கிப் பேரெழுதினன் தம்பி."

"அது வேற ஆள்."

"ஓம். அவர் ஒண்டும் செய்யல்ல."

"எழுதினா அண்ணனுக்கு இந்த வருசம் வெடி குடுக்க மாட்டாங்க. பெரும்போகம் வருது. தெரியும்தானே?"

அவளுக்குத் தெரியும். ஐப்பசியில் விதைப்பு, தையில் கதிர் வரும்போது இதே தனியன் அந்த வட்டைக்கும் வரும். இருந்தும் எழுதினாள். அவனுடைய பையைத் தான் பார்க்கவில்லை என்பதையும் எழுதினாள். வழிகாட்டியின் கணவர், அவருடைய பை சோதிக்கப்படவில்லை, பிழை என்னுடையது. சிவதர்ஷன் அதை வாசித்துவிட்டுப் பேனையை மெல்ல மூடினான்.

வெளியே வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. உதயரூபன் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"எழுதினியா?"

"ஓம்."

"முழுப்பேருமா?"

"முழுப்பேரும். என்டதையும் எழுதின."

அவன் மோட்டார்சைக்கிளை உதைத்தான். பிள்ளை நடுவில், அவள் பின்னால். வட்டை வழியே கிரவல் ரோட்டில் மூன்று மைல் போனார்கள். வெட்டி முடித்த வயல்களில் மாடுகள் நின்றன. சந்திக் கடையடியில் பிள்ளைக்குத் தண்ணி வாங்கவென்று அவன் நிறுத்தினான். மேனுகா இறங்கப் பார்த்தாள். கால் தரையில் படவில்லை. தொடை இரண்டும் தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தன. ஆணையிட்டாலும் நிற்கவில்லை.

"இறங்கு மேனு."

"ஏலா."

அவன் பிள்ளையை இறக்கிவிட்டு, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வெட்கமாகத்தான் இருந்தது. நடுக்கம் வெட்கத்துக்கும் அடங்கவில்லை.

"வெடி இல்லாம நான் தையில காவல் பரணில என்னெண்டு இருக்கிற?" என்று அவன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. பதில் இருந்தால் சொல்லட்டும் என்பதுபோலத்தான் கேட்டான்.

"நானும் வாறன்."

"நீ வந்து? நீ என்னைவிடப் பயந்தவள்."

"ஓம். அதான் வாறன். நான் காத்துப் பாக்கிறன், நீங்க டோர்ச் அடிங்க."

"புள்ளய ஆரு பாக்கிற?"

தையில் அக்காவின் மகளுக்குச் சோதினை, அங்கே விட ஏலாது. மாமிக்குக் கண் தெரியாது. பிள்ளை தண்ணிப்போத்தலோடு வந்து, "நானும் வருவன்" என்றது.

"நீ வாய மூடு" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

உதயரூபன் அவளுடைய இடது கையை விரித்துப் பார்த்தான். கடைக்குள் போய்ப் பனடோலும் ஒரு சின்ன மருந்துக் குழாயும் வாங்கிக்கொண்டு வந்தான். அவள் இன்னும் சைக்கிளிலேயே இருந்தாள்.